இறங்கும் வழி: கொலம்பியா முகத்துவாரத்திலிருந்து ரெட்ஃபிஷ் ஏரி வரை

2025 செப்டம்பர் 5, வெள்ளி – அஸ்டோரியா, ஓரிகன்

காலையிலிருந்து தூறல் விடவில்லை. ஹில்ஸ்பரோவில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் ஒரு வாரம் விடுப்பு எடுத்திருக்கிறான். "சித்தப்பா, நயாகரா, லாஸ் வேகாஸ் எல்லாம் கேட்பீர்கள் என்று நினைத்தேன்" என்றான். பொதுப்பணித் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆற்றோடும் மதகோடும் கழித்தவனுக்குக் கொலம்பியாவைப் பார்க்காமல் ஊர் திரும்ப மனம் வருமா? சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஆற்றில் ஏறும் மீன். கடலில் கலக்கும் இடத்தில் தொடங்கி, அது ஏறிப்போகும் தடத்திலேயே மேலே போவது என்று முடிவு செய்தோம்.

அஸ்டோரியாவில் ஆறு ஆறாகவே தெரியவில்லை. அக்கரைக்குப் போகும் பாலம் ஆறரை கிலோமீட்டர் நீளம். கரையோரத் தூண்களின் மேல் பழைய மீன் டப்பாத் தொழிற்சாலைகளின் எச்சங்கள் நிற்கின்றன. ஒன்றைக் காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அனுமதி இலவசம், விருப்பமிருந்தால் உண்டியலில் போடலாம். இந்த ஆற்றின் முதல் டப்பாத் தொழிற்சாலை 1866இல் வந்தது. 1883இல் மட்டும் 4 கோடியே 30 லட்சம் பவுண்டு சினூக் சால்மனைப் பிடித்து அடைத்தார்கள். வெட்டிச் சுத்தம் செய்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். வலை வீசியவர்களில் ஃபின்லாந்துக்காரர்கள் அதிகம்.

அங்கே படித்ததில் ஒன்று மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மீன் குறையத் தொடங்குமுன்பே, 1875இல், அமெரிக்க மீன்வள ஆணையர் ஸ்பென்சர் பேர்டிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். பிடிப்பைக் கட்டுப்படுத்தச் சட்டம் போடுவதைவிட, செயற்கையாகக் குஞ்சு பொரித்து ஆற்றில் விடுவதே எளிது என்று அவர் சொல்லியிருக்கிறார். நூற்றைம்பது ஆண்டுகளாகியும் இந்த ஆற்று நிர்வாகம் அந்த யோசனையை விட்டு நகரவில்லை.

மதியம் படகு வடிவக் கடையொன்றில் சூரை மீன் வறுவலும் உருளைக்கிழங்கும். பதினேழு டாலர். மேல்மாவு மெல்லியது, மீன் பஞ்சு போல. முகத்துவாரத்தில் சால்மன் வறுவல் கிடைக்காதா என்று கேட்டேன். கடைக்காரப் பெண் வருத்தத்தோடு தலையசைத்து, கூடுதலாக இரண்டு துண்டு சூரை வைத்துக் கொடுத்தார்.

செப்டம்பர் 6, சனி – போனவில் அணை, காஸ்கேட் லாக்ஸ்

கடலிலிருந்து வரும் மீனுக்கு முதல் அணை இது. 1937இல் ரூஸ்வெல்ட் வந்து திறந்துவைத்தார். நிலத்தடியில் கண்ணாடிச் சாளரம் ஒன்று உண்டு. மீன் ஏணியில், அதாவது அணையைத் தாண்டப் படிப்படியாகக் கட்டிய நீர்வழியில், ஏறும் சால்மன்களை முகத்துக்கு நேராகப் பார்க்கலாம். இலையுதிர்காலச் சினூக்குகள் ஏறும் உச்சப் பருவம் என்பதால் நல்ல கூட்டம். குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறார்கள். எதிர் நீரோட்டத்தில் ஓர் ஆள் கை நீளத்துக்கு ஒரு மீன் வந்து, வாலை மட்டும் அசைத்து அப்படியே நிற்கிறது. பிறகு ஒரே உதைப்பில் மேலே போய்விடுகிறது. ஒரு மணி நேரம் நின்றும் எனக்கு அலுக்கவில்லை. அண்ணன் மகன்தான் இரண்டு முறை வெளியே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தான்.

பக்கத்து அறையில் ஒருவர் உட்கார்ந்து ஏறும் மீன்களை எண்ணுகிறார். 1938 முதல் எண்ணுகிறார்கள். அந்தப் பொறுமைக்கும் ஒழுங்குக்கும் நான் தலைவணங்குகிறேன். ஆனால் அங்கிருந்த சீருடைப் பெண், "முதுகுத் துடுப்புக்குப் பின்னால் இன்னொரு சின்னத் துடுப்பு இருக்கிறதா பாருங்கள்" என்றார். பொரிப்பகத்தில் வளர்ந்த குஞ்சுகளை விடுமுன் அந்தச் சின்னத் துடுப்பை நறுக்கிவிடுகிறார்கள். பிறகு நான் பார்த்த ஒவ்வொரு மீனிலும் அதைத்தான் தேடினேன். பல மீன்களுக்கு அந்த இடம் மொட்டையாகவே இருந்தது. வெள்ளையர் வருமுன் இந்த ஆற்றுப்படுகைக்கு ஆண்டுக்கு 1 கோடி முதல் 1.6 கோடி வரை சால்மனும் அதன் உறவான ஸ்டீல்ஹெட் மீனும் திரும்பின என்பது கணிப்பு. இன்று அதில் ஒரு சிறு பகுதிதான் திரும்புகிறது. அதிலும் பெரும்பாலானவை பொரிப்பகத்து மீன்கள்.

ஏணியைப் பொறியாளன் கண்ணோடு படிப்படியாகப் பார்த்தேன். நன்றாகக் கட்டியிருக்கிறார்கள், மீனும் ஏறுகிறது. இறங்கும் குஞ்சு என்ன செய்யும் என்று கேட்டேன். அந்தப் பெண் சற்று யோசித்துவிட்டு, "அதுதான் கடினமான கேள்வி" என்று ஆற்றின் பக்கம் அழைத்துப் போனார். விரல் நீளக் குஞ்சு டர்பைன் வழியாகப் போகலாம், மதகு வழியாக விழலாம், தடுப்புவலை திருப்பிவிடும் குழாயில் போகலாம். ஏறும் மீனுக்கான ஏணி முதல் நாளிலேயே இருந்தது. இறங்கும் குஞ்சுகளைப் பற்றிய உண்மையான கவலை வெகு காலம் கழித்துத்தான் வந்திருக்கிறது.

மதியம் காஸ்கேட் லாக்ஸில், பெரிய பாலத்தின் அடியில், பூர்வகுடி மீனவர்கள் ஐஸ் பெட்டிகளோடு உட்கார்ந்து விற்கிறார்கள். 1855 உடன்படிக்கைகளில் யாகிமா, உமடில்லா, வார்ம் ஸ்ப்ரிங்ஸ், நெஸ் பெர்ஸ் மக்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தபோதும், வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். முழுச் சினூக் பவுண்டுக்குப் பத்து டாலர். சமைக்க இடமில்லாததால் புகையில் வாட்டியதை ஒரு பொட்டலம் வாங்கினோம், 24 டாலர். ரொக்கம் மட்டும்தான் வாங்குகிறார்கள்.

விற்ற மூதாட்டி என்னைப் பார்த்து, உங்கள் ஊர் ஆறு எது என்று கேட்டார். காவிரி, அதிலிருந்து பிரியும் கொள்ளிடம் என்றேன். அதில் என்ன மீன் ஏறிவரும் என்பது அவருடைய அடுத்த கேள்வி. அணைக்கரையில் நான் இளம் பொறியாளனாக இருந்தபோது, கடலிலிருந்து ஏறிவந்த உள்ளம் மீனைப் பற்றிக் கிழவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். அணைகளுக்குப் பிறகு அது அருகிப்போனது என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல், பொட்டலத்தோடு ஒரு வாட்டிய வால் துண்டையும் வைத்துக் கட்டினார். காசு கொடுக்கப் போனபோது கையை விலக்கிவிட்டார். உப்பும் புகையும் லேசான இனிப்புமாக, இந்த மீனின் கொழுப்பு நாக்கில் நெடுநேரம் நிற்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு – செலிலோ, ஜான் டே

மலைத்தொடரைத் தாண்டியதும் பச்சை முடிந்துவிட்டது. காய்ந்த புல் மலைகள், அனல் காற்று. கார் கதவைத் திறந்தால் பறித்துக்கொண்டு போகிறது. என் தொப்பி ஆற்றுக்குள் போய்விட்டது.

செலிலோவில் பூங்கா, கழிப்பறை, படகு இறக்கும் சரிவு, தட்டையான நீர். அவ்வளவுதான். இங்கே ஓர் அருவி இருந்தது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மக்கள் இங்கே கூடி மீன் பிடித்தார்கள், பண்டம் மாற்றினார்கள். பாறை விளிம்பில் மரப் பரண் கட்டி, நீண்ட கழியில் கோத்த வலையால் துள்ளும் சால்மனை அள்ளினார்கள். 1957 மார்ச் 10 அன்று த டாலஸ் அணையின் கதவுகளை மூடியதும், சில மணி நேரத்தில் அருவி நீருக்குள் போய்விட்டது. 2008இல் ஒலியலைக் கருவியால் அடித்தளத்தை அளந்தபோது பாறைகள் உடையாமல் அப்படியே இருப்பது தெரிந்தது. நெடுஞ்சாலைக்கும் ரயில் பாதைக்கும் அப்பால் செலிலோ கிராமம் இன்னும் இருக்கிறது. கையில் கேமராவோடு ஒரு கிராமத்துக்குள் நுழைய எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் கிழக்கே போனால் ஜான் டே என்ற துணையாறு வந்து சேர்கிறது. இந்தப் பயணத்தில் நான் அறிய வந்தவற்றில் முக்கியமானது இந்தச் சின்ன ஆற்றைப் பற்றியதுதான். இதன் குஞ்சுகள் கடலுக்குப் போக மூன்று அணைகளைத் தாண்டுகின்றன. கொலம்பியாவின் பெரிய துணையாறான ஸ்நேக் ஆற்றின் மேல்பகுதிக் குஞ்சுகள் எட்டு அணைகளைத் தாண்டுகின்றன. கடலுக்குப் போகும் நூறு குஞ்சுகளில் குறைந்தது இரண்டாவது வளர்ந்து திரும்பினால்தான் இனம் குறையாமல் நிற்கும். ஜான் டே அந்த அளவைத் தாண்டுகிறது. ஸ்நேக்கின் காட்டுச் சினூக், அதாவது பொரிப்பகத்தில் அல்லாமல் ஆற்றிலேயே பிறந்தது, பெரும்பாலான ஆண்டுகளில் ஒன்றைக்கூட எட்டுவதில்லை. இரண்டுக்கும் ஒரே முகத்துவாரம், ஒரே கடல், போனவிலில் காத்திருக்கும் அதே கடற்சிங்கங்கள், அதே வலைகள். கடல் மாறிவிட்டது, கடற்சிங்கம் பெருகிவிட்டது என்று சொல்பவர்கள் இந்த வேறுபாட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இரவு பாஸ்கோவில் முன்பதிவு செய்த விடுதியில் அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். மன்னிப்புகூடக் கேட்கவில்லை. மணி பத்தரை. கடைசியில் 139 டாலருக்கு இன்னோர் இடம். வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்த புளியோதரை கெடாமல் இருந்ததால் பட்டினி இல்லை.

செப்டம்பர் 8, திங்கள் – ஹான்ஃபோர்டு, ஐஸ் ஹார்பர்

காலையில் ஒயிட் பிளஃப்ஸ் கரைக்குப் போனோம். போனவிலுக்கு மேலே, அமெரிக்கப் பகுதியில், கொலம்பியா தேங்காமல் ஓடும் கடைசி நீளம் இது, 82 கிலோமீட்டர். எதிர்க்கரையில் அணு உலைகள் தெரிகின்றன. நாகசாகியில் போட்ட குண்டுக்கான புளுட்டோனியம் அங்கே தயாரானது. அதற்காக 1943 முதல் பொதுமக்களை அப்புறப்படுத்தி, பகுதியை அடைத்துவிட்டார்கள். அதனால் இங்கே அணை கட்டப்படாமல் போனது. இன்று கொலம்பியாவின் காட்டுச் சினூக் மிக நலமாக முட்டையிடுவது இந்த இடத்தில்தான். கூழாங்கற்கள் மேல் நீர் சலசலக்கிற சத்தத்தை நான்கு நாட்களில் இங்கேதான் முதலில் கேட்டேன். முட்டையிடும் காலத்தில் மேலே உள்ள அணைகளின் நீரளவை ஒழுங்கு செய்ய 1988இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மின்சாரத்துக்காக மணிக்கு மணி ஏற்றி இறக்கிய தண்ணீரை மீனுக்காகவும் கவனித்தார்கள். பலன் கண்முன்னே இருக்கிறது.

பிற்பகல் ஐஸ் ஹார்பர். ஸ்நேக் ஆற்றின் முதல் அணை, 1961இல் முடிந்தது. மேலே லோயர் மானுமெண்டல், லிட்டில் கூஸ், 1975இல் லோயர் கிரானைட். வெயில் 38 டிகிரி. பார்வையாளர் கூடத்தில் எங்களையும் ஒரு முதிய தம்பதியையும் தவிர யாருமில்லை. வழிகாட்டி இளைஞன் எதையும் மறைக்காமல் பேசினான்.

குஞ்சு எப்படிப் போகும் என்பதை அவன் சொல்லித்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். வசந்தத்தில் பனி உருகும் வெள்ளம் வரும். குஞ்சு வாலை முன்னே விட்டு, தலையை நீரோட்டத்துக்கு எதிரே வைத்து, வெள்ளத்தோடு மிதந்து போகும். போகும்போதே அதன் உடல் உப்பு நீருக்கு மாறத் தொடங்கிவிடும். அதற்கு ஒரு கால அளவு உண்டு. இன்று வெள்ளம் வந்து தேக்கத்தில் படுத்துவிடுகிறது. தள்ளிவிட நீரோட்டம் இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக எட்டுத் தேக்கங்களைக் குஞ்சே நீந்திக் கடக்க வேண்டும். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் குஞ்சு தின்னும் மீன்கள் பெருகியிருக்கின்றன. இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் என்னவென்றால், மேல் அணைகளிலேயே குஞ்சுகளைப் பிடித்து, பார்ஜ் என்ற தட்டையான சரக்குப் படகில் ஆற்று நீரோடு ஏற்றி, போனவிலுக்குக் கீழே கொண்டுபோய்க் கொட்டுவது. 1970களிலிருந்து கோடிக்கணக்கான குஞ்சுகள் இப்படிப் பயணம் போயிருக்கின்றன. அப்படிப் போனவற்றில் பல, வளர்ந்து திரும்பும்போது சொந்த ஆற்றைத் தவறவிட்டு வேறு ஆற்றுக்குள் புகுந்துவிடுகின்றன. ஆறு இருக்கும்போதே மீனை ஆற்றின் மேல் கப்பலில் கொண்டுபோகும் நிர்வாகத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஏறும் மீனுக்கும் வெப்பம் எமன். 20 டிகிரிக்கு மேல் நீர் சூடானால் சால்மன் திணறத் தொடங்கும். 2015 கோடையில் கொலம்பியாவில் ஏறிய சாக்கை சால்மனில் சுமார் இரண்டரை லட்சம் வழியிலேயே செத்தன.

இந்த நான்கும் வெள்ளத்தைத் தேக்கும் அணைகள் அல்ல; வந்த நீரை அப்படியே விடுபவை. பெரிய அளவில் பாசனமும் ஐஸ் ஹார்பர் தேக்கத்திலிருந்து மட்டும்தான். மிச்சம் மின்சாரமும் கப்பல் போக்குவரத்தும். டர்பைன்களின் மொத்தத் திறன் 3,000 மெகாவாட்டுக்கு மேல். ஆண்டுச் சராசரியாகக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மேட்டூர் இல்லாமல் டெல்டா இல்லை என்று எனக்குத் தெரியும். இங்கே கணக்கு அந்த மாதிரியானதல்ல.

செப்டம்பர் 9, செவ்வாய் – லூயிஸ்டன், ஐடஹோ

வழி நெடுக அறுவடை முடிந்த கோதுமை மேடுகள். கடலிலிருந்து 465 மைல் உள்ளே இருக்கும் லூயிஸ்டன் ஒரு துறைமுகம்! தானியக் கிடங்குக் குழாயிலிருந்து பார்ஜில் கோதுமை கொட்டுவதைப் பார்த்தோம். லோயர் கிரானைட் தேக்கத்தின் வால் இந்த ஊர் வரை வருவதால், நகரைக் காக்கக் கரை எழுப்பியிருக்கிறார்கள். அந்தக் கரைமேல் மாலை நடை.

உணவகத்தில் பக்கத்து மேசை முதியவர் பலூஸ் பகுதிக் கோதுமை விவசாயி. ஸ்நேக்கின் நான்கு அணைகளையும் எடுத்துவிடலாமா என்பதற்குப் பேச்சு வந்தது. எரிச்சல்படாமல் விளக்கினார்: லாரியில் அனுப்பினால் செலவு கூடும், ரயில் கம்பெனிகளை நம்ப முடியாது, மாற்று வழியை முதலில் கட்டிக் காட்டட்டும். நியாயமான பேச்சு. ஐடஹோவின் குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் மைக் சிம்ப்சன் 2021இல் முன்வைத்த திட்டமும் இதைத்தான் சொன்னது: 3,350 கோடி டாலர் ஒதுக்கி, விவசாயிகளுக்கும் மின்வாரியங்களுக்கும் மாற்று செய்துகொடுத்து, பிறகு நான்கு அணைகளையும் உடைத்து ஆற்றைத் திறந்துவிடுவது. அவர் கட்சியே கேட்கவில்லை. கூட்டாட்சி அரசின் மீன் பாதுகாப்புத் திட்டங்கள் சட்டத்துக்குப் போதாதவை என்று நீதிமன்றம் மீண்டும் மீண்டும் தள்ளியிருக்கிறது. 2016இல் நீதிபதி மைக்கேல் சைமன் தள்ளியது ஐந்தாவது. 2023 டிசம்பரில் நான்கு பழங்குடி அரசுகளோடும் ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களோடும் மீனை மீட்பதற்கான ஓர் ஒப்பந்தம் வந்தது. 2025 ஜூனில் அதிபர் டிரம்ப் அதை ரத்து செய்துவிட்டார். முதியவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "அதில் எங்களுக்கான ரயில் பாதைப் பேச்சும் போய்விட்டது" என்றார். வறுத்த மாட்டிறைச்சி விரல்கள் இந்த மாநிலத்தின் பெருமையாம். அண்ணன் மகன் தின்றான். எனக்கு உருளைக்கிழங்கு சூப்பும் ரொட்டியும், ஒன்பது டாலர்.

செப்டம்பர் 10, புதன் – ஸ்டான்லிக்குப் போகும் வழி

வைட் பேர்டு தாண்டியதும் டயர் பஞ்சர். கைப்பேசியில் சிக்னல் இல்லை. பத்து நிமிடத்தில் ஒரு பிக்கப் நின்றது. இறங்கியவர் பேசாமல் ஜாக்கியை எடுத்து வேலையை முடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பெயர் கேட்டார். ரிக்கின்ஸில் மீன்பிடிப் படகு வழிகாட்டி. சினூக் வரும் வசந்தத்தில் ஊரின் விடுதியும் உணவகமும் நிரம்பும், சில ஆண்டுகளில் சில நாட்களிலேயே பருவத்தை மூடிவிடுகிறார்கள் என்றார். பணம் நீட்டியபோது மறுத்து, ஊரில் ஹக்கிள்பெர்ரி மில்க்‌ஷேக் குடித்துவிட்டுப் போங்கள் என்றார். குடித்தோம். எட்டு டாலர், நாவல் பழத்தின் துவர்ப்பும் புளிப்பும்.

சாலையோடு சால்மன் ஆறு வருகிறது. முதன்மை ஓட்டத்தில் இன்று ஆற்றைத் தடுக்கும் அணை ஒன்றும் கிடையாது. மேலே இருப்பதெல்லாம் அரசு பாதுகாக்கும் பெருங்காடு. காட்டுத்தீப் புகை பள்ளத்தாக்கில் படிந்திருந்ததால் கண் எரிந்துகொண்டே இருந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி – ரெட்ஃபிஷ் ஏரி

நேற்று முழுவதும் புகை. அறையை விட்டு நகரவில்லை. இரவில் மழை பெய்து இன்று வானம் திறந்துவிட்டது. காலையில் கண்ணாடியில் உறைபனி. அறை வாடகை 210 டாலர். இந்த ஊரில் இதற்குக் குறைவாகக் கிடைக்கவில்லை.

கடலிலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர் தொலைவு, 2,000 மீட்டர் உயரம். சாக்கை சால்மன் இவ்வளவு தூரம் ஏறி இங்கே முட்டையிட வந்தது. ஏரி சிவந்து தெரியுமளவு வந்ததால்தான் இந்தப் பெயர். சாடூத் சிகரங்கள் நீரில் அப்படியே விழுகின்றன. அடியில் ஒவ்வொரு கல்லும் தெரிகிறது. கரையில் ஆலை இல்லை, சாக்கடை இல்லை. மீனுக்கு இதைவிட நல்ல வீட்டை யாரும் கட்டித்தர முடியாது.

1990இல் ஒரு சாக்கைகூட வரவில்லை. ஷோஷோன்-பன்னாக் மக்கள் மனு கொடுத்து, 1991இல் அழியும் இனமாக அறிவிக்கச் செய்தார்கள். 1992இல் ஒரே ஓர் ஆண் மீன் வந்தது. அதற்கு 'லோன்சம் லாரி' என்று பெயர் வைத்தார்கள். 1991 முதல் 1998 வரை திரும்பிய காட்டு மீன்கள் மொத்தம் 16. அவற்றைப் பிடித்துப் பொரிப்பகத்தில் இனத்தைக் காப்பாற்றினார்கள். அந்தப் பொரிப்பகத்தை நான் குறை சொல்லமாட்டேன். அது இல்லையென்றால் இந்த இனமே இன்று இல்லை. ஆனால் இங்கிருந்து விடும் குஞ்சுகளுக்கும் கீழே அதே எட்டுத் தேக்கங்கள்தான்.

ஃபிஷ்ஹுக் ஓடையில் கையளவு சிவப்பு மீன்கள் கூட்டமாக நின்றன. கோக்கனி, அதே இனம், ஆனால் கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வாழ்பவை. பலகைப் பாதையில் ஒரு பாட்டி பேரனுக்கு இதைத்தான் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிற்பகல் சன்பீம் வரை போய் வந்தோம். 1910இல் சுரங்கத்துக்காகக் கட்டிய அணை. 1934இல் ஒரு பக்கத்தை வெடிவைத்துத் திறந்துவிட்டார்கள். எஞ்சிய சுவர் இன்னும் நிற்கிறது. அதன் ஓரமாக ஆறு சீறிக்கொண்டு போகிறது. அதைக் காட்டி அண்ணன் மகன் கேட்டான்: "சித்தப்பா, ஸ்நேக்கில் இருப்பது பெரிய அணை. அதை எப்படி இடிக்க முடியும்?"

முழுவதும் இடிக்கத் தேவையில்லை என்றேன். நான்கிலும் கான்கிரீட்டை ஒட்டி மண்ணணைப் பகுதி உண்டு. தேக்கத்தை மெல்ல இறக்கிவிட்டு, அந்த மண்ணை மட்டும் அள்ளினால் ஆறு ஓரமாக ஓடிவிடும். மின்நிலையமும் மதகும் நின்ற இடத்தில் நிற்கலாம். இந்த அணைகளை நடத்தும் ராணுவப் பொறியாளர் படையே 2002 அறிக்கையில் இந்த வழியை ஆராய்ந்து, பிறகு வேண்டாம் என்று முடிவு செய்தது. கலிஃபோர்னியா-ஓரிகன் எல்லையிலுள்ள கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை எடுத்த வேலை 2024இல் முடிந்தது. சில வாரங்களுக்குள், 1912க்குப் பிறகு முதல் முறையாக, சினூக் ஓரிகனுக்குள் ஏறிவிட்டது. அதே மாதிரி இங்கே முதலில் ரயில் பாதையைப் போட வேண்டும், மின்சாரத்துக்கு மாற்று செய்ய வேண்டும், ஐஸ் ஹார்பரின் பாசனக் குழாய்களை ஆற்றுமட்டத்துக்கு நீட்ட வேண்டும். அந்தக் கோதுமை விவசாயி கேட்டதும் இந்த வரிசையைத்தான்.

நாளை பாய்சி வழியாக ஹில்ஸ்பரோ திரும்புகிறோம்.